துணைக்குரல் பாடியவரின் கேமரா

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கீழ் இயங்கும் அமெரிக்க வரலாற்று தேசிய அருங்காட்சியகத்துக்கு 2005-ஆம் ஆண்டு ஒரு பழைய அச்சு இயந்திரம் நன்கொடையாக வந்து சேர்ந்தது. ஐரிஸ் கிராபிக்ஸ் 3047 என்பது அதன் பெயர். கொடுத்தவர் பொறியாளரும் இல்லை, அச்சக முதலாளியும் இல்லை, பாப் பாடகர். 1960-களில் 'ஹாலிஸ்' குழுவிலும், பிறகு 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' குழுவிலும் பாடிய கிரஹாம் நாஷ். ஒரு பாடகரின் கிடாரையோ மேடைச் சட்டையையோ அருங்காட்சியகம் வாங்கி வைத்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அச்சு இயந்திரத்தை ஏன் வாங்கினார்கள் என்று தேடிப் போனால், நாஷைப் பற்றி வழக்கமாக எழுதப்படும் வாழ்க்கைக் குறிப்புகள் எவ்வளவு ஒருதலையானவை என்பது விளங்கும். அவை பாட்டில் தொடங்கிப் பாட்டில் முடிகின்றன. புகைப்படம் கடைசிப் பத்தியில், பிரபலம் ஒருவரின் பொழுதுபோக்காக, இரண்டு வரியில் வந்து போகிறது. என் கருத்து இதற்கு நேர்மாறானது. நாஷின் வாழ்க்கையில் புகைப்படம்தான் முதலில் வந்தது. பாட்டில் அவர் பழகிக்கொண்ட குணம்தான் புகைப்படத் துறையில் ஒரு பெரிய காரியத்தை அவரைச் செய்ய வைத்தது. அந்தக் காரியத்தின் பலனை, அவர் பாட்டு ஒன்றைக்கூடக் கேட்டிராத ஓவியர்களும் புகைப்படக்காரர்களும் இன்று அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நாஷ் 1942 பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்தின் பிளாக்பூலில் பிறந்தார். குடும்பம் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டைச் சேர்ந்தது. போர்க்காலம் என்பதால் தாயைப் பாதுகாப்பாகக் கடலோர ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். போர் முடிந்த பிறகு அவர் வளர்ந்ததெல்லாம் சால்ஃபோர்டின் தொழிலாளர் தெருக்களில். தந்தை வில்லியம் நாஷ் உலோக வார்ப்பாலையில் வேலை பார்த்தவர். புகைப்படம் எடுப்பதில் தீராத ஆசை கொண்டவர். தனியாக டார்க் ரூம் வைத்துக்கொள்ள அந்த வீட்டில் இடம் ஏது? மகனின் படுக்கையிலிருந்து போர்வையை உருவி ஜன்னலில் மாட்டுவார், படுக்கையறை இருட்டறையாகிவிடும். டெவலப்பர் நிரப்பிய தட்டில் வெள்ளைத் தாளைப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். ஒன்றுமில்லாத தாளில் மெல்ல மெல்ல ஒரு படம் எழுந்து வரும். அந்த ஆச்சரியம் தன்னை விட்டுப் போனதே இல்லை என்று நாஷ் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1953-இல், பதினோரு வயதில், தாயைப் படம் எடுத்தார். அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. ஏதோ யோசனையில் இருக்கிறார். எழுபது ஆண்டுகளாக நாஷ் எடுத்துவரும் படங்களின் குணம் அந்த முதல் படத்திலேயே இருக்கிறது: எதிரில் இருப்பவர் தன்னை மறந்திருக்கும் கணம்.

தந்தையின் கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வேலையிடத்துச் சிநேகிதர் ஒருவரிடம் அவர் வாங்கிய கேமரா திருட்டுப் பொருள் என்று தெரியவந்தது. போலீஸ் வந்தது. விற்றவர் பெயரைச் சொல்லியிருந்தால் பிரச்சினை இல்லாமல் போயிருக்கும். அவர் சொல்லவில்லை. ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. திரும்பி வந்தவர் பழைய மனிதராக இல்லை என்றும், ஐம்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார் என்றும் நாஷ் 2013-இல் வெளிவந்த தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1974-இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டில் சிறையைப் பற்றிய ஒரு பாட்டு உண்டு. அது இந்த வேதனையிலிருந்து வந்தது. ஒரு கேமரா தன் தந்தையின் வாழ்வை முறித்துப் போட்டதைக் கண்ணால் பார்த்த பையன், கேமராவை வெறுத்து ஒதுக்கியிருக்கலாம். இவரோ வாழ்நாள் முழுக்க அதைக் கீழே வைக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரின் புகைப்பட ஈடுபாட்டைப் பணமும் புகழும் வந்தபின் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு என்று எழுதுவது, தகவல் பிழை என்பதையும் தாண்டி, அநியாயம்.

இனி பாட்டுக்கு வருவோம். நாஷும் ஆலன் கிளார்க்கும் ஆரம்பப் பள்ளியிலேயே நண்பர்கள். 1962 இறுதியில் மான்செஸ்டரில் இருவரும் சேர்ந்து தொடங்கிய குழு ஹாலிஸ். அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியின் மீதிருந்த பற்றில் வைத்த பெயர் அது. 'ஜஸ்ட் ஒன் லுக்', 'பஸ் ஸ்டாப்', 'கேரி ஆன்' என்று 1964 முதல் 1967 வரை வரிசையாக வெற்றிகள். இந்தக் குழுவின் பலம் மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு சுரங்களில் ஒன்றாக நகர்வது. கிளார்க் மெட்டைப் பாடுவார். டோனி ஹிக்ஸ் ஒரு பக்கம் தாங்குவார். எல்லோருக்கும் மேலே, உச்சத்தில், நாஷின் குரல் மெல்லிய விளிம்புபோல ஓடும். அந்த விளிம்பைத் தனியாகக் கேட்டால் அது பாட்டாகவே தோன்றாது. எடுத்துவிட்டால் பாட்டு சப்பென்று போய்விடும். இந்த வேலைக்கு வேண்டிய முதல் தகுதி காது. முன்னணிப் பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தை இழுக்கிறார், எந்த இடத்தில் குரலைத் தணிக்கிறார் என்று ஒவ்வொரு நொடியும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். தன் குரல் துருத்திக்கொண்டு தெரிந்தால் அது தோல்வி. 1968 இறுதியில் ஹாலிஸை விட்டு அமெரிக்கா போய், டேவிட் கிராஸ்பி, ஸ்டீபன் ஸ்டில்ஸ் இருவரோடும் சேர்ந்தபோதும் அவருடைய இடம் பெரும்பாலும் இதுவாகவே இருந்தது. ஒத்துவராத இரண்டு பெரிய சுபாவங்களுக்கு நடுவே, மேலே நின்று, இரண்டையும் இணைத்துக்கொண்டிருந்த குரல்.

இந்தக் காதுதான் கண்ணாகவும் வேலை செய்தது. 1969-இல் லாஸ் ஏஞ்சலீஸின் லாரல் கேன்யன் பகுதியில் பாடகி ஜோனி மிட்செலின் வீட்டில் அவர் வாழ்ந்த காலத்தில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. மிட்செல் தன்னுடைய புதிய பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் தன்னைப் பார்த்துவிடக்கூடாது என்பதற்காக, சமையலறை நாற்காலி ஒன்றின் முதுகில் இருந்த ஓட்டை வழியாக நாஷ் கேமராவை வைத்து எடுத்தார். படத்தில் அலங்காரம் ஏதும் இல்லை. நட்சத்திரத்துக்குரிய பார்வையும் இல்லை. தன் வேலையைத் தானே தரம் பார்க்கும் ஒரு கலைஞரின் கவனம் மட்டும் இருக்கிறது. இதே காலத்தில் மிட்செலைப் படம் எடுத்த தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் பலர். அவர்களிடம் நல்ல விளக்குகளும் நல்ல லென்சும் இருந்தன. கேட்டுக்கொண்டிருப்பவரைக் குலைக்காமல் பக்கத்தில் இருக்கும் பழக்கம் வேறு விஷயம். அது ஒலிவாங்கியின் முன் மற்றவர்களோடு தோள் உரசி நின்று ஆண்டுக்கணக்கில் பாடியவருக்கு எளிதாக வரும்.

இதை ஒரு தனி மனிதரின் விசேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே ஊரில், அதே ஆண்டுகளில், ஹென்றி டில்ட்ஸ் என்ற இன்னொருவர் இருந்தார். 'மாடர்ன் ஃபோக் குவார்ட்டெட்' என்ற நால்வர் குழுவில் பாஞ்சோ வாசித்துக் குரல் சேர்த்துப் பாடியவர். 1966-இல் கச்சேரிப் பயணத்தின் வழியில் ஒரு கடையில் பழைய கேமரா ஒன்றை வாங்கினார். அது வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 'டோர்ஸ்' குழுவின் 'மாரிசன் ஹோட்டல்' இசைத்தட்டின் அட்டை அவர் எடுத்தது. நாஷ் குழுவின் முதல் இசைத்தட்டின் அட்டையும் அவருடையதுதான்: ஒரு பழைய வீட்டின் வாசலில் கிடந்த சோபாவில் மூவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். படம் எடுத்த பிறகுதான் குழுவின் பெயர் முடிவாயிற்று. பெயர் வரிசை ஒன்று, உட்கார்ந்த வரிசை வேறு. திருத்தி எடுக்கலாம் என்று சில நாளில் திரும்பிப் போனால், வீட்டை இடித்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். அதனால் முதல் படமே அட்டையில் நின்றது. டில்ட்ஸின் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல இருப்பார்கள். காரணம் எளிது, அவர் உண்மையிலேயே சிநேகிதராகத்தான் அங்கே இருந்தார். குழுவாகப் பாடிப் பழகியவர்கள் கேமரா பிடித்தால் என்ன வரும் என்பதற்கு இந்த இருவரும் போதுமான சான்று.

ஆனால் நாஷின் புகைப்பட வாழ்க்கையை அவர் எடுத்த படங்களோடு நிறுத்திவிடக்கூடாது. அவர் அடுத்தவர் எடுத்த படங்களின் மீதும் பித்துக்கொண்டவர். முதலில் வாங்கியதாக அவர் குறிப்பிடும் படம், டயான் ஆர்பஸ் 1962-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் எடுத்தது. ஒல்லியான ஒரு சிறுவன். அரைக்கால் சட்டையின் ஒரு பக்க வார் தோளிலிருந்து நழுவிக் கிடக்கிறது. வலது கையில் பொம்மை வெடிகுண்டு. இடது கை விரல்கள் நகம்போல வளைந்து விறைத்திருக்கின்றன. முகத்தில் ஒரு கோணல். பின்னொரு சமயம், தன் சேகரிப்பின் கண்காட்சி ஒன்றில், இந்தப் படத்துக்குப் பக்கத்தில் ஆர்னால்ட் நியூமன் 1963-இல் எடுத்த ஆல்ஃபிரீட் குருப்பின் படம் மாட்டப்பட்டிருப்பதை நாஷ் பார்த்தார். குருப் ஜெர்மானிய ஆயுதத் தொழிலதிபர். போர்க்காலத்தில் அடிமை உழைப்பைப் பயன்படுத்தியதற்காகத் தண்டிக்கப்பட்டவர். நியூமன் யூதர். இரு பக்கமும் விளக்கு வைத்து, குருப்பைத் தன் ஆலையின் முன்னே ஒரு பேயைப் போலக் காட்டியிருப்பார். பொம்மைக் குண்டு வைத்திருக்கும் சிறுவனும், உண்மையான குண்டுகளைச் செய்து விற்ற கிழவரும் அடுத்தடுத்து. பிள்ளைகளுக்கு நாம் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற கேள்வியை 'டீச் யுவர் சில்ட்ரன்' என்ற பாட்டில் நாஷ் முன்பே எழுதியிருந்தார். 1970-இல் அது வெளிவந்து புகழும் பெற்றுவிட்டது. இந்த இரண்டு படங்களையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் தன் பாட்டின் முழுப் பொருளும் தனக்கு உறைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டாசிரியர் தன் பாட்டை இரண்டு புகைப்படங்களிடமிருந்து புரிந்துகொள்கிறார். இந்த மனிதரின் பாட்டையும் படத்தையும் தனித்தனிக் கணக்கில் எழுதுவது எப்படிச் சரியாகும்?

1976-இல் தன் சேகரிப்பைப் பராமரிக்கக் கிரஹாம் ஹவ் என்ற காப்பாளரை வேலைக்கு அமர்த்தினார். 1978 முதல் 1984 வரை அந்தச் சேகரிப்பின் ஒரு பகுதி பத்துக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்குப் பயணம் போனது. 1990-இல் சுமார் 2,000 பிரிண்டுகளைச் சோத்பீஸ் ஏல நிறுவனத்தின் வழியே விற்றார். தனியார் ஒருவரின் புகைப்படச் சேகரிப்பு அதுவரை ஏலத்தில் ஈட்டிய தொகைகளில் அதுவே அதிகம். இத்தனை ஆண்டுகள் ஆயிரக்கணக்கான நல்ல பிரிண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு, ஒரு படத்தின் உயிர் அது அச்சாகும் தாளிலும் கறுப்பின் ஆழத்திலும் இருக்கிறது என்பது தெரியாமல் இருக்குமா?

அந்த அறிவு உதவவேண்டிய நேரம் ஓர் இழப்பின் வடிவில் வந்தது. நாஷின் பழைய நெகட்டிவ்களும் பிரிண்டுகளும் பெரும்பாலும் ஒரு புத்தகப் பதிப்பாளருக்கு அனுப்பப்பட்ட வழியில் தொலைந்துபோயின. மிச்சம் இருந்தவை கான்டாக்ட் ஷீட்டுகள். கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும் தாள்கள். டார்க் ரூமில் இவற்றிலிருந்து பெரிய பிரிண்ட் போட்டால் எதுவும் தேறாது. 1980-களில் நாஷ் ஏற்கெனவே மெக்கின்டாஷ் கணினியில் படங்களை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடன் இருந்தவர் குழுவின் பயண மேலாளர் மேக் ஹோல்பர்ட். திரையில் நன்றாக வந்த படத்தைத் தாளில் கொண்டுவர அப்போது தகுந்த கருவி இல்லை. தேடித் தேடி ஐரிஸ் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். பத்திரிகை விளம்பரங்களும் அட்டைப்பெட்டி வடிவங்களும் அச்சுக்குப் போகும் முன் நிறம் எப்படி வரும் என்று சரிபார்க்க, அதாவது புரூஃப் எடுக்க, செய்யப்பட்ட இயந்திரம் அது. உருளை ஒன்றில் தாளைச் சுற்றிவிட்டால் அது வேகமாகச் சுழலும். நுண்ணிய கண்ணாடிக் குழாய்கள் ஒவ்வொன்றும் நொடிக்குச் சுமார் 10 லட்சம் மைத்துளிகளைப் பீய்ச்சும். வேண்டாத துளிகளை மின்புலம் திசைதிருப்பிவிடும். பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுகிற புரூஃப் தாளுக்காகத்தான் இவ்வளவு நுட்பமும்.

டிஸ்னி நிறுவனத்தில் நிறப் பொறியாளராக இருந்த டேவிட் கூன்ஸ் இந்த இடத்தில் வருகிறார். வேலை நேரம் முடிந்த பிறகு, நிறுவனத்தில் இருந்த ஐரிஸ் இயந்திரத்தில், தானே எழுதிய மென்பொருளைக் கொண்டு, நாஷின் கான்டாக்ட் ஷீட்டுகளை ஸ்கேன் செய்து சீராக்கி, 16 உருவப்படங்களை ஓவியர்கள் நீர்வண்ணத்துக்குப் பயன்படுத்தும் ஆர்ஷ் தாளில் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தார். அவை 1990 ஏப்ரலில் கண்காட்சியில் வைக்கப்பட்டன. ஜூலையில் நாஷ் 1,26,000 டாலர் கொடுத்துச் சொந்தமாக ஓர் ஐரிஸ் 3047 வாங்கி, கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் இருந்த சிறிய கட்டடம் ஒன்றில் வைத்தார். நவம்பரில் டோக்கியோவில் அடுத்த கண்காட்சி: 35 படங்கள், படத்துக்கு 50 பிரிண்டுகள். 1991 ஜூலை 1 அன்று அதே இடத்தில் 'நாஷ் எடிஷன்ஸ்' திறக்கப்பட்டது. மற்ற கலைஞர்களின் படைப்புகளையும் கலைத்தரத்தில் கணினி வழியாக அச்சிட்டுத் தரும் பட்டறை அது. ஹோல்பர்ட் கச்சேரிப் பயண வேலையை விட்டுவிட்டு அதை நடத்த வந்தார். ஓவியத் தாள் தடிமனானது, இயந்திரத்தில் இடிக்கும். என்ன செய்தார்கள் என்றால், அச்சுத் தலைகளைப் பின்னுக்குத் தள்ளுவதற்காக அவற்றின் ஒரு பகுதியை ரம்பத்தால் அறுத்தே எடுத்துவிட்டார்கள். உத்தரவாதம் அந்த நிமிடமே செல்லாமல் போனது. இயந்திரத்தைத் தயாரித்தவர்கள் செய்யத் துணியாத காரியம் இது. படத்துக்கு எந்தத் தாள் வேண்டும் என்பதிலிருந்து யோசிப்பவருக்கு மட்டுமே ரம்பத்தை எடுக்கத் தோன்றும்.

எதிர்வாதங்கள் இருக்கின்றன, அவற்றில் நியாயமும் இருக்கிறது. பணமும் புகழும் இல்லாவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா என்பது முதல் கேள்வி. நடந்திருக்காது. பட்டறை இல்லாத, வாடிக்கையாளர் இல்லாத ஒரு சோதனைக்கு 1,26,000 டாலரைத் தூக்கிக் கொடுக்கச் சாதாரணப் புகைப்படக்காரர் யாராலும் அன்று முடிந்திருக்காது. டோக்கியோவில் சுவரில் இருந்தவை எல்லாம் பிரபலங்களின் முகங்கள்தான். அந்த முகங்களுக்காகவும் கூட்டம் வந்திருக்கும். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 1980-களின் அமெரிக்காவில் வசதியும் புகழும் உள்ள பாடகர்களுக்குப் பஞ்சம் இல்லை. கேமரா வைத்திருந்தவர்களும் நிறையப் பேர். அவர்களில் எத்தனை பேர் அடுத்தவரின் படத்துக்குப் பிரிண்ட் போடும் பட்டறை ஒன்றைத் திறந்தார்கள்? பணம் அந்த வாசலைத் திறந்தது என்பது சரி. அந்த வாசல் பக்கம் போகச் சொன்னது பணம் இல்லை. சால்ஃபோர்டு வீட்டில் ஜன்னலை மறைத்த போர்வைக்கு அதில் பெரிய பங்கு இருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. மென்பொருள் எழுதியவர் கூன்ஸ். பட்டறையை நடத்தியவர் ஹோல்பர்ட். இவ்வகை அச்சுக்கு 'ஜிக்லே' என்ற பெயரைச் சூட்டியது அங்கே வேலை செய்த அச்சுக் கலைஞர் ஜாக் டுகான். அதே காலத்தில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜான் கோன் போன்றவர்களும் ஐரிஸை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். பிறகு நாஷுக்கு மட்டும் ஏன் மாலை? தனி மேதை ஒருவர் கண்டுபிடித்தார் என்று கதை கட்டினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நான் அப்படிச் சொல்லவில்லை. நாஷ் இங்கே செய்தது, பாட்டில் அவர் செய்த அதே வேலை. யார் குரல் எங்கே சேர வேண்டும் என்று கேட்டு, ஆட்களைச் சேர்த்து, அவர்களுக்கு இடமும் காலமும் பணமும் கொடுத்து, தான் ஒரு பக்கம் நின்றது. கச்சேரிக்குச் சாமான் ஏற்றி இறக்கும் ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அச்சுக்கலை முன்னோடி ஆக்கியதும், டிஸ்னி பொறியாளரின் ஓய்வு நேர உழைப்பைக் கண்காட்சிச் சுவருக்குக் கொண்டுவந்ததும் சாமானியக் காரியங்கள் இல்லை. குழுவாகப் பாடுகிறவர்களைத் தனிப்பாடகர்களைவிட ஒரு படி கீழே வைத்துப் பேசும் வழக்கம் இசை விமரிசனத்தில் நெடுங்காலமாக உண்டு. அந்தக் கீழ்ப்பார்வைதான் இங்கேயும் நாஷின் பங்கைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கிறது.

மூன்றாவதாக, இது புகைப்படமே இல்லை என்றார்கள். வெள்ளி உப்புகள் பூசிய தாளில், ஒளியும் ரசாயனமும் சேர்ந்து செய்வதுதான் புகைப்படம். மை துளிகளைத் தெளிப்பது வெறும் அச்சு என்பது அந்தக் காலத்துக் காப்பாளர்கள் பலரின் நிலை. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. ஐரிஸின் மை நீரில் கரையும் சாயம். வெளிச்சம் பட்டால் சில ஆண்டுகளிலேயே வெளிறியது. படங்களின் ஆயுளைச் சோதித்து அளப்பதையே வேலையாகக் கொண்ட ஹென்றி வில்ஹெல்ம் போன்றவர்கள் இதை ஒளிவுமறைவு இல்லாமல் எடுத்துச் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கிய படம் சுவரிலேயே மங்கிப்போவது கலைஞருக்கும் வாங்கியவருக்கும் செய்யும் துரோகம். இந்தக் குறை உண்மையானது, அது தொடக்க கால ஐரிஸ் பிரிண்டுகளின் மீது இன்றும் படிந்திருக்கும் கறை. ஆனால் பட்டறைக்காரர்கள் அதை மூடி மறைத்துக்கொண்டு போகவில்லை. வேறு வேறு மைகளைச் சோதித்தார்கள். பிறகு எப்சன் நிறுவனத்தின் பெரிய அளவு இயந்திரங்களுக்கு மாறினார்கள். அவற்றின் நிறமி மைகள் சாயத்தைவிடப் பல மடங்கு காலம் நிலைக்கும். அதே இயந்திர வகையில்தான் இன்று உலகெங்கும் கண்காட்சிகளுக்கான பிரிண்டுகள் போடப்படுகின்றன. வெள்ளித் தாளின் அழகை நானும் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல வெள்ளிப் பிரிண்டின் கறுப்புக்கு இணையாக வேறொன்று உண்டா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் வெள்ளித் தாளின் பிரியர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு: நெகட்டிவ் தொலைந்துபோன படங்களுக்கு அவர்கள் முறையில் கதிமோட்சமே இல்லை. 1969-ஆம் ஆண்டு முகங்கள் அளவான பிரிண்டுகளாக இன்று நம் கண்முன் நிற்பதற்கு இந்த 'வெறும் அச்சு'தான் காரணம்.

நாஷின் இசைக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைத்துவிட்டது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் 1997-இல் ஒரு குழுவோடும் 2010-இல் இன்னொரு குழுவோடும் இரண்டு முறை இடம் பெற்றார். 2004-இலும் 2021-இலும் வெளிவந்த புகைப்படத் தொகுப்புகள் வாசகர் கையில் இருக்கின்றன. குறைவது அச்சுப் பணிக்கான கணக்கு. அதை இரண்டு இடங்களில் சரிசெய்யலாம். இசைக் கலைக்களஞ்சியங்களும் நாளிதழ்களும் இவரைப் பற்றி எழுதும்போது நாஷ் எடிஷன்ஸை வாழ்க்கைக் கதையின் நடுவே, அதற்குரிய ஆண்டில் வைத்து எழுத வேண்டும். 1970-இல் வந்த ஒரு பாட்டுக்குக் கொடுக்கும் இடத்தையாவது 1991-இல் திறந்த பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். அடுத்தது காட்சிக்கூடங்களின் பொறுப்பு. லித்தோகிராஃப் அச்சிடும் பட்டறைகள் தாளின் ஓரத்தில் தங்கள் முத்திரையை அழுத்திக் கொடுப்பது பழைய வழக்கம். யார் வரைந்தது, யார் அச்சிட்டது என்று இரண்டும் பார்ப்பவருக்குத் தெரியும். புகைப்படக் கண்காட்சிகளில் இந்த நாணயம் பெரும்பாலும் இல்லை. எடுத்தவர் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், 'நிறமி மை அச்சு' என்று தொழில்நுட்பத்தின் பெயர்கூட இருக்கும், அந்த அச்சைப் போட்ட மனிதரின் பெயர் இருக்காது. நாஷின் தொலைந்த நெகட்டிவ்களுக்கு ஈடாகக் கிடைத்த அந்த 16 பிரிண்டுகளும் எங்கே மாட்டப்பட்டாலும், பக்கத்து அட்டையில் நாஷின் பெயருக்குக் கீழே டேவிட் கூன்ஸின் பெயரும் இருக்க வேண்டும்.